பங்கரில் ஒரு மருந்துப் பெட்டி

உச்சி வெயில். செல்லுலார் ஜெயிலைத் தாண்டிக் கடலோரமாகவே வந்த இரண்டு சைக்கிள்கள், யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் பதுங்கிச் சுடக் கட்டிவிட்டுப் போன பங்கரில் சாய்ந்து நிற்கின்றன. ஒன்று ஜவுளி வியாபாரி காதருடையது. மற்றது நர்ஸ் ருக்குவுடையது. அதன் சுவரில் துப்பாக்கி நீட்ட விட்ட துவாரத்தில் கடற்காற்று சிலுசிலுக்கிறது. அங்கேதான் அம்மைத் தடுப்பு மருந்துப் பெட்டியை ஈரத்துணி சுற்றி வைத்திருக்கிறாள். சூடேறினால் மருந்து வீண். பிள்ளைகள் காத்திருக்கும் குடியேற்றக் கிராமம் இன்னும் பன்னிரண்டு மைல். அவள் கொண்டுவந்த தண்ணீரெல்லாம் துணிக்கே போய்விட்டது, உதடு வெடித்திருக்கிறது. காதர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். “பானி குடிங்க சிஸ்டர். இனிமே பூரா ஏத்தம்தான்.” வாயை நனைத்துக்கொண்டு, மீதியைப் பெட்டியின் மேல் நிதானமாக ஊற்றுகிறாள். “ஐயோ, உங்களுக்கு?” “நான் தாங்குவேன் பாய். இது தாங்காது.”