போட்டோ பார்க்காத மாப்பிள்ளை

"இன்னிக்கும் வந்தானா?"

குடையை மடக்குவதற்கு முன்பே கேட்டுவிட்டார் ஸ்ரீனிவாசராகவன். தெற்கு மாட வீதியில் மூன்று கம்ப்யூட்டர்களை வைத்து பிரவுசிங் சென்டர் நடத்தும் சுஹாஸ் ஒரு தாளை பிரிண்ட் எடுத்து நீட்டினான். அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். மயிலாப்பூரில் பாதிப் பேருக்கு இண்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாது. ஸ்ரீனிவாசராகவனுக்கு ஒரு மாதமாகத் தெரியும்.

மகள் சாருலதாவுக்கு இருபத்தெட்டு வயது. பதினோரு பேர் வந்து சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, லெட்டர் போடுகிறோம் என்று போனவர்கள்தான். வெறுத்துப்போய், தெரிந்த குடும்பத்துப் பையனாயிற்றே என்று, சுஹாஸ் ஆரம்பித்திருந்த கல்யாண வெப்சைட்டில் அவள் விவரத்தைப் போட்டார். அந்தப் பக்கத்தை எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எதையெல்லாம் பார்த்தார்கள் என்று கம்ப்யூட்டரே குறித்து வைக்கும்; பேர் மட்டும் தெரியாது. அந்தப் பட்டியலை தினமும் வாங்கி வரிவரியாகப் படிக்காவிட்டால் அவருக்கு காபி இறங்காது. வீட்டில் சாருவும் வாங்கிப் பார்ப்பாள்.

முதல் வாரம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கலிபோர்னியாவிலிருந்து ஒருவன் மட்டும் முதல் பக்கம்வரை வந்து திரும்பிப் போயிருந்தான். காரணத்தைக் கண்டுபிடித்தது சுஹாஸ்தான். சாருவின் பக்கத்துக்கான விலாசத்தில் ஒரு கேள்விக்குறி, அதன் பின்னால் வால் மாதிரி நீளமாக நம்பர்.

"விலாசம் இப்படி இருந்தா வாசலோட திரும்பிடும் மாமா. ஊர், பேர்னு எழுத்தா இருக்கணும்" என்றான்.

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாப் பக்கங்களின் விலாசத்தையும் மாற்றினான். முதலில் மயிலாப்பூர், ஒரு சாய்கோடு, அடுத்து மணப்பெண், இன்னொரு சாய்கோடு, கடைசியில் சாருலதா. மறுநாளே கலிபோர்னியாக்காரன் உள்ளே வந்துவிட்டான். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை.

ஸ்ரீனிவாசராகவன் சொக்கிப் போனார். கோவில் பிரகாரத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் அவன் புகழ்தான். விடியற்காலையில் வருகிறானாம், கோத்திரம், நட்சத்திரம், படிப்பு, வீணை என்று ஒன்று விடாமல் படிக்கிறானாம்.

"அதைவிடு சுஹாஸ், போட்டோவை இதுவரைக்கும் தொட்டதே இல்லை பாரு. குணத்தைத் தேடி வர்ற பையன்டா அவன். இந்தக் காலத்துல யார் இருக்கா?"

"மாமா, அது வந்து..." என்று சுஹாஸ் பல தரம் ஆரம்பித்தான். மாமா எங்கே கேட்டார்?

பட்டியலில் இன்னொருவனும் இருந்தான், உள்ளூர்க்காரன். காலை ஒன்பது மணிக்கு ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். வேறு எதையும் படிப்பதில்லை. போட்டோவைத் திறப்பான், போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டான். இந்த வெட்டிப்பயலை உள்ளே விடாமல் பண்ண முடியாதா என்று அவர் கேட்கும்போதெல்லாம், பார்க்கிறேன் மாமா என்று சுஹாஸ் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான்.

இன்றைக்கு விஷயம் முற்றிவிட்டது. பன்னிரண்டாவதாக வந்த அடையாறு பையனுக்குப் பெண்ணைப் பிடித்துப்போய், ஆறு மணிக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். நல்ல உத்தியோகம், நல்ல மனுஷர்கள். சாருவைக் கேட்டால், "உங்க இஷ்டம்பா" என்பதோடு சரி.

ஸ்ரீனிவாசராகவன் தாளைப் பார்த்தார். காலை நாலு பத்துக்கு வந்திருக்கிறான். இன்றும் போட்டோவைத் தொடவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடை போனை எடுத்து அடையாறு நம்பரைச் சுழற்றினார். சுஹாஸ் பதறி எழுந்து, "மாமா, கொஞ்சம் இருங்கோ" என்பதற்குள், வேற இடம் கூடி வர்றது, மன்னிக்கணும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"இப்போ அந்தப் பையனுக்கு ஒரு லெட்டர் அடி. அப்பா பேர் என்னன்னு கேளு."

சுஹாசுக்கு வேர்த்தது. "அது பையனே இல்லை மாமா. சர்ச் என்ஜின்னு ஒண்ணு இருக்கு, அதோட மெஷின். ஊர் உலகத்துல இருக்கற பக்கத்தையெல்லாம் படிச்சுக் குறிச்சு வச்சுக்கும், யாராவது தேடினா எடுத்துக் காட்டறதுக்கு. விலாசத்துல கேள்விக்குறி இருந்தா உள்ளே போகாது. அது எழுத்தைத்தான் படிக்கும். போட்டோ பார்க்கத் தெரியாது."

ஸ்ரீனிவாசராகவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தி.நகரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை முடிந்து வந்த சாரு, கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு மெஷினை நம்பி உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேனேம்மா" என்றார் அவர்.

"மெஷின்னு எனக்கு முதல் நாளே தெரியும்பா."

"பின்னே ஏண்டி சொல்லலை?"

சாரு அந்தத் தாளை வாங்கினாள். கலிபோர்னியாவைத் தாண்டி, கீழே இருந்த வெட்டிப்பயல் வரியில் விரலை வைத்தாள்.

"இவர் எப்போ வாயைத் திறப்பார்னு பார்த்துண்டிருந்தேன்."

"இவனா? யார் இவன்?"

சாரு சிரித்துக்கொண்டே கடைக் கதவில் தொங்கிய அட்டையைக் காட்டினாள். 'ஞாயிறு விடுமுறை' என்று எழுதியிருந்தது. சுஹாஸ் தலையைக் குனிந்தபடி கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.