பேக்கரிக்கு ஒரு தீம்

"கறுப்பு வேண்டாம்மா. இது பேக்கரியா துக்க வீடான்னு ஜனங்க குழம்பிடுவாங்க."

டிசைனர் பெருமூச்சை அடக்கிக்கொண்டு லேப்டாப்பில் அந்த வெப்சைட் தீமின் மாதிரிப் பக்கத்தை மூடினாள். சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதுதான் அவள் தொழில். பல் டாக்டர், தையற்காரர், சாவி செய்கிறவர் என்று எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. முக்கால்வாசிப் பேர் தீமின் அமைப்பைப் பார்ப்பதே இல்லை. அதில் மாதிரிக்கு ஒட்டியிருக்கும் அழகான படத்தைப் பார்த்துச் சொக்கிப் போய்விடுவார்கள். அந்த இடத்தில் சொந்தக் கடைப் படத்தைப் போட்டதும், "நான் கேட்டது இது இல்லையே" என்று சண்டைக்கு வருவார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த பேக்கரி அக்கா அந்த ரகமில்லை. மாதிரிப் படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மீதியைத்தான் பார்த்தாள். மூன்று நாளாக நடையாய் நடந்து உயிரை எடுத்தாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே டிசைனருக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போயிருந்தது.

"சரிக்கா, இதைப் பாருங்க. படமெல்லாம் தானா நகரும்."

"ஐயோ, தலை சுத்துது. கடையை நடத்தற அந்த மனுஷனுக்குக் கண்ணாடி போட்டாலே பாதிதான் தெரியும். அதையும் மாவு ஒட்டின ஏப்ரன்லயே துடைச்சுத் துடைச்சு இன்னும் மங்கலாக்கி வெச்சிருக்காரு. எழுத்து பெருசா இருக்கணும். ஆர்டர் பட்டன் மேலேயே இருக்கணும்."

"வெப்சைட் செய்யற டூல்லயும் ரெண்டு வகை இருக்குக்கா. ஒண்ணுல என்ன வேணா செய்யலாம். ஆனா அடிக்கடி அப்டேட் பண்ணணும், கவனிக்கலைன்னா படுத்துடும். இன்னொண்ணு போன்லேயே தொட்டு இழுத்து மாத்திக்கலாம். வசதி கொஞ்சம் கம்மி."

"ரெண்டாவதே போதும். பொறுமைங்கறது அந்த ஆளுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. முதலாவதைக் குடுத்தா போனைத் தூக்கி அடுப்புல போட்டுடுவாரு."

டிசைனர் வாய்விட்டுச் சிரித்தாள். "அவரைப் பத்தி எல்லாம் அத்துப்படி போல!"

"இருக்காதா பின்னே? பதினெட்டு வருஷமா காலையில கதவைத் திறந்தா அந்த மூஞ்சிதான். சண்டை போடாத நாளே கிடையாது. ஆனா ஒண்ணு சொல்றேன், ரொட்டி சுடறதுல அந்த மனுஷனை அடிச்சுக்க ஆளே இல்லை." அக்காவின் குரல் இறங்கியது. "மாசக் கடைசியோட ஷட்டரை இறக்கிடப் போறேன்னு பால்காரர்கிட்ட சொல்லியிருக்காரு. இப்பல்லாம் பதினோரு மணிக்கே கையைக் கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. பார்க்கவே சகிக்கலைம்மா."

எப்பாடு பட்டாவது இந்தக் கடையைத் தூக்கி நிறுத்திவிட வேண்டும் என்று டிசைனருக்கே ஒரு ரோஷம் வந்துவிட்டது.

"நல்லாப் போன வியாபாரம் ஏன்க்கா படுத்துச்சு?"

"எதிர்ல இன்னொரு பேக்கரி இருக்கு. அவங்களுக்கு வெப்சைட் உண்டு. போன்ல வர்ற ஆர்டரெல்லாம் அங்கே போயிடுது. இந்த மனுஷனுக்கு அதெல்லாம் தெரியாது."

எதிர்க்கடையின் பெயரைக் கேட்டு டிசைனர் ஒரே நொடியில் தேடிப் பிடித்தாள். "இதுவா? கண்றாவி! ரோஸையும் மஞ்சளையும் எந்தப் புண்ணியவதி சேர்த்து வெச்சாளோ! நாம செய்யப்போறதைப் பார்த்தா இவங்க துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடணும்."

அக்காவின் முகம் சுருங்கியது. "அப்படியொண்ணும் மோசமில்லை. அவங்களும் பிழைக்கணும்ல?"

போட்டிக் கடைக்கும் பரிந்து பேசுகிறாளே, என்ன தங்கமான மனசு என்று டிசைனர் உருகிப் போனாள்.

படங்கள்தான் தகராறு. அக்கா கொண்டுவந்திருந்த முப்பதும் தெருவில் நின்று எடுத்தவை. ஷட்டரைத் தூக்குகிற முதுகு, கண்ணாடிக்குப் பின்னால் ரொட்டி அடுக்குகிற வழுக்கைத் தலை. அதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை.

"உள்ளே நின்னு நாலு படம் எடுக்கக் கூடாதாக்கா?"

"எடுக்கறது தெரிஞ்சா கத்தியே ஊரைக் கூட்டிடுவாரு. இருக்கறதை வெச்சு ஒப்பேத்தும்மா."

ஒப்பேற்றினாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வெப்சைட் தயாராகிவிட்டது. வெள்ளைப் பின்னணி, கொட்டை எழுத்து, தலைமாட்டிலேயே ஆர்டர் பட்டன். ரொட்டி அடுக்குகிற வழுக்கைத் தலை முதல் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பிழைச்சுக்குவாருல்ல?"

"நிச்சயமாக்கா. லிங்க்கை உங்க போனுக்கு அனுப்பிடறேன். ராத்திரி சாப்பிடும்போது காட்டி அசத்திடுங்க."

"ஐயையோ, எனக்கு வேண்டாம்! நாளைக்கு நீயே நேர்ல போய்க் குடு. புதுசா தொழில் ஆரம்பிச்சிருக்கேன், முதல் பத்துக் கடைக்கு இலவசம்னு ஏதாவது அடிச்சு விடு. என் பேரு மட்டும் வாயில வந்துடக் கூடாது. வந்துச்சோ, வீம்புக்குன்னே வேண்டாம்னுடுவாரு."

"இதென்னக்கா கூத்து? பொண்டாட்டி புருஷனுக்குச் செய்யறதுல என்ன ஒளிவு மறைவு?"

அக்கா ஒரு கணம் திருதிருவென்று விழித்தாள். அப்புறம் நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"யாரு, அந்த மனுஷனா எனக்குப் புருஷன்? அந்த எதிர்க்கடைக்காரியே நான்தாம்மா! அவரு மூடிட்டுப் போயிட்டா, யாரை முந்தறதுக்காக நான் தினமும் விடிகாலையில எழுந்திருக்கறது?"