ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டை

அந்தக் காலத்து விசில் சத்தம் காக்கிச் சட்டைக்கு இன்னும் நினைவிருந்தது. கண்டக்டர் சுடலைமுத்து ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊதுவார், பஸ் கிளம்பும். தூக்கிய கையின் வியர்வை நாற்றம் மட்டும் எத்தனை சோப்பு போட்டாலும் சட்டையின் அக்குளை விட்டுப் போனதில்லை. அவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போனபின் சட்டை வாசல் ஆணியில் தொங்கியது. அவருடைய நாய் கருப்பன் அதனடியிலேயே படுத்துத் தூங்கியது.

"உள்ளே வந்துடாதப்பா, பீரோவே நாறிடும்!" என்று திறந்த பீரோவிலிருந்து கேலி செய்தது பட்டுச்சேலை.

ஒருநாளாவது அந்தப் பீரோவில் மடிந்து கிடக்கவேண்டும் என்று சட்டை ஏங்கியது.

ஒருநாள் கண்டக்டரின் மனைவி பேச்சியம்மாள் அதை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்து, அக்குளைத் தேய்த்து அலசினாள். நாற்றம் அடியோடு போயிற்று. வெயிலில் சட்டை பெருமையாக ஆடியது.

கருப்பன் வந்து முகர்ந்தது.

"அண்ணே, இங்க ஒரு சட்டை தொங்குமே, பாத்தீங்களா?"

"நான்தாண்டா அது!"

"போங்கண்ணே, விளையாடாதீங்க. எங்க ஐயா வாசம் எனக்குத் தெரியாதா?"

அன்று மாலை சட்டை பட்டுச்சேலையின் பக்கத்தில் இடம் பிடித்தது. கருப்பன் பஸ் நிலையத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.