இரண்டாவது பெயருக்கு இடம்

"நம்ம ஜி.எம்.முக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

கேன்டீனில் ஷகீலா கேட்ட கேள்வியில் பல டம்ளர்கள் பாதி வழியில் நின்றன. ஜெனரல் மேனேஜர் சுந்தரராமனின் செக்ரட்டரியே இப்படிக் கேட்டால் விஷயம் பெரிது.

வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் ராகவேந்திரன். டெபாசிட் பிரிவுக்கு ஜலஜா. இருவரும் கணவன் மனைவி. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஆதம்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிவிட்டார் என்று ஜலஜா கோபித்துக்கொண்டு கே.கே. நகரில் அக்கா வீட்டுக்குப் போய் ஆறு மாதமாகிறது. வக்கீலையும் பார்த்தாயிற்று. பொங்கல் கழிந்து கோர்ட் என்று பேச்சு.

மயிலாப்பூர் தெப்பக்குளத்தைப் பார்த்து நிற்கும் அந்த ஆபீஸில் எல்லோருக்கும் இளகிய மனசு. இருவரும் எதிரெதிரே வந்துவிடாதபடி டீ நேரத்தைக்கூட மாற்றிக் கொடுத்திருந்தார்கள். இவர் சொல்வதை அவரிடமும், அவர் சொல்வதை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கிற புண்ணியம் ஷகீலாவுடையது. வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தாலும் நிம்மதியாக நகர்ந்தது.

அந்த நிம்மதியில்தான் ஜி.எம். மண்ணள்ளிப் போட்டார்.

"போர்டு கேட்டிருக்கும்மா. இந்த வருஷம் குடும்பம் குடும்பமா கஸ்டமர் பிடிக்கணும். பாங்க் ஒரு பக்கம் போறது, கம்ப்யூட்டர் ஒரு பக்கம் போறது. தினம் நாலு மணிக்கு டெபாசிட்டும் கம்ப்யூட்டரும் என் ரூம்ல உட்கார்ந்து பேசி ஒரு வழிக்கு வரணும்."

"சார், அவங்க ரெண்டு பேரும்..."

"ரெண்டு பிரிவுத் தலைவர்கள். வேற என்ன?"

"நான் வேணா நடுவுல இருந்து..."

"நீ நடுவுல வராதே. வீட்டு விஷயத்தைச் செருப்போட வாசல்லயே விட்டுட்டு வரச் சொல்லு."

முதல் வாரம் முழுக்க அந்த அறையில் ஏ.சி. மட்டும்தான் பேசியது.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் ஷகீலா காபியோடு உள்ளே போனபோது, ஜன்னலுக்கு வெளியே குளம் எது, வானம் எது என்று தெரியவில்லை. கோபுரம் மட்டும் பாதிக் கனவு மாதிரி நின்றது. அறையே மெல்ல மிதந்து எங்கோ போய்க்கொண்டிருப்பது போல அவளுக்குத் தோன்றியது. கம்ப்யூட்டர் திரையின் பச்சை வெளிச்சம் இருவர் முகத்திலும் படிந்திருந்தது.

ஜி.எம். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கூட்டத்தையும் போட்டுவிட்டு, தூக்கம் வேறு!

"சார், ஜாயின்ட் அக்கவுன்ட்ல ரெண்டு பேர் பணம் போடறாங்க," என்றார் ஜலஜா, தூங்குகிறவரைப் பார்த்தே. "ஆனா திரையில ஒரு பேர்தான் வருது. பெண்டாட்டி வந்து கவுன்டர்ல நின்னா, நீங்க யாருன்னு கேட்கறாங்க. அப்புறம் எந்தக் குடும்பம் நம்மகிட்ட வரும்? கம்ப்யூட்டர் பிரிவைக் கேளுங்க சார்."

"முதல் பேருக்குத்தான் இடம் இருக்குன்னு டெபாசிட் பிரிவுக்குச் சொல்லுங்க சார்," என்றார் ராகவேந்திரன்.

ஜி.எம்.மிடமிருந்து மெல்லிய குறட்டைதான் வந்தது. செய்தி கொண்டுபோக ஆளில்லை; ஷகீலாவுக்கோ நடுவில் வரக் கூடாது என்று உத்தரவு.

மழைச் சத்தம் அறையை நிறைத்தது.

"இடம் இல்லேன்னு யார் முடிவு பண்ணினா?" ஜலஜாவின் குரல் இந்தத் தடவை நேராக அவரிடமே போனது.

"நான்தான்."

"ரெண்டாவது ஆளை ஒரு வார்த்தை கேட்டேளா?"

ராகவேந்திரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்கலை," என்றார். "கேட்டிருக்கணும். தப்புதான்."

ஜலஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏன்னா, இப்போ இதை என்ன பண்ணப் போறேள்?"

வீட்டில் புருஷனைக் கூப்பிடுகிற அந்த 'ஏன்னா'வைக் கேட்டு ஷகீலா டபராவோடு ஓரடி பின்வாங்கினாள். ஆறு மாதமாக 'கம்ப்யூட்டர் பிரிவு' என்றே அழைக்கப்பட்டவர் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார்.

"முதல்லேர்ந்து மாத்தி எழுதணும். நாளாகும்."

"ஆகட்டுமே. சேர்ந்து உட்கார்ந்து பண்ணலாம்."

ஷகீலா காபியை ஓசைப்படாமல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மார்கழி பிறந்த வாரம், இரண்டாவது பெயருக்கும் இடம் தரும் திட்டம் அறிக்கையாக வந்து சேர்ந்தது. ஷகீலா அதை ஜி.எம்.மிடம் எடுத்துப் போனாள். அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"போர்டுக்கு அனுப்பிடட்டுமா சார்?"

"எதுக்கு?"

"போர்டு கேட்டிருக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"போர்டு என்னிக்கும்மா இதையெல்லாம் கேட்டுது?" அவர் திரும்பவில்லை. "பரவாயில்லை, நன்னாத்தான் எழுதியிருப்பா. அனுப்பு."

ஷகீலாவுக்கு ஏதோ விளங்குவது போலிருந்தது. "அப்போ அன்னிக்கு நீங்க தூங்கலையா சார்?"

"ஏன், குறட்டை கொஞ்சம் அதிகமாயிடுத்தோ?"

அவள் அறிக்கையோடு ஜன்னல் பக்கம் வந்தாள்.

"நீங்கள்லாம் ரொம்ப நல்லவங்கம்மா," என்றார் அவர் மெதுவாக. "அவங்க பேசிக்காமலே காலத்தை ஓட்ட எல்லா வசதியும் பண்ணிக் கொடுத்துட்டீங்க. எனக்கு அவ்வளவு நல்ல மனசு இல்லை."

ஷகீலாவுக்கு மனசு சுருக்கென்றது. கேன்டீனில் தான் கேட்டது யார் மூலமாவது இவர் காதுக்கு வந்திருக்குமோ?

"சரி, ஜலஜா கிளம்பியாச்சா?"

"அரை மணி ஆச்சு சார்."

"அப்படியா? கொஞ்சம் கீழே எட்டிப் பார்."

எட்டிப் பார்த்தாள். வண்டி ஷெட் காலியாகியிருந்தது. ராகவேந்திரனின் ஸ்கூட்டர் இல்லை. ஜலஜாவின் கைனடிக் ஹோண்டா மட்டும் ஓரமாகத் தனியாக நின்றது.

"ராத்திரி மழை வரும் போல இருக்கு," என்றார் ஜி.எம். "வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அந்த வண்டி மேல எதையாவது போட்டு மூடச் சொல்லு. நனைஞ்சிடப் போறது."