தண்ணீர் படாத இடம்

றம்லத் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

றிப்தாவின் இடது மேற்கையில், பிளாஸ்டருக்கு அடியில், பத்து ரூபாய் நாணயமளவில் இரத்தத்தில் சீனி பார்க்கும் சென்ஸர் ஒட்டியிருந்தது.

"அபீபா, இதக் கழட்டோணும். மையத்துட தோலெல்லாம் தண்ணி படோணும்."

உடலைக் குளிப்பாட்ட நின்ற பெண்கள் தாய்க்கு வழி விட்டார்கள்.

றிப்தாவுக்குப் பதினேழு வயது. மூன்று நாள் காய்ச்சல். விடிந்த கையோடு ஆஸ்பத்திரியில் மௌத்தாகி, லுஹர் தொழுகைக்கு முன்பே ஜனாஸாவை அக்குறணை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று.

இரண்டு வருடமாக அந்த ஓர் இடத்தை அபீபா தண்ணீரிலிருந்து காத்து வந்தாள். தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, அழுத்தித் தேய்த்தால்தான் கழன்றுவிடும் என்று டொக்டர் சொல்லியும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. நீச்சல் பயிற்சி நாட்களில் மேலே இன்னும் இரண்டு பிளாஸ்டர் ஒட்டுவாள். போதும் உம்மா என்று றிப்தா கையை இழுத்துக்கொள்வாள்.

இப்போது கை அசையாமல் கிடந்தது.

தேங்காய் எண்ணெயால் ஓரங்களை நனைத்து, நகத்தால் மெல்ல மெல்ல உரித்தாள். வெள்ளிக்கிழமை ஒட்டியது. இன்னும் ஒன்பது நாள் ஓடும் என்ற நினைப்பு வந்தது.

அடியில் வெளிறிய ஒரு வட்டம். நடுவே ஊசி போன புள்ளி.

றம்லத் அதன்மேல் தண்ணீர் ஊற்றினாள்.

ஜன்னல் கட்டில் இருந்த போன் அடித்தது. அபீபாவின் கணவர் ஸமீம். கத்தாரிலிருந்து வந்த விமானம் இறங்கிவிட்டது.

மகளுக்குக் காய்ச்சல் கடுமை என்பது மட்டும்தான், விமானம் ஏறும்போது அவருக்குத் தெரியும். அவரை அழைத்துவர கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போன அவருடைய தம்பி மக்கீன், வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தான்.

மகளின் சீனி அளவு அவருடைய போனிலும் விழும். றிப்தா போனை அறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் எண் நின்றுவிடும். அடுத்த நிமிடமே கத்தாரிலிருந்து அழைப்பு வரும்.

அபீபா போனை எடுத்தாள்.

"நம்பர் ஒண்டும் வருதில்லயே. தண்ணிச் சத்தம் கேக்குது... காய்ச்சல் விட்டுட்டா? புள்ள குளிக்கிறாளா?"

அபீபாவுக்குப் பொய் வாயில் வரவில்லை.

"குளிப்பாட்டிக்கொண்டு ஈக்கிறோம்."

மறுமுனையில் விமான நிலைய அறிவிப்பு சிங்களத்தில் ஓடியது. தமிழில் ஓடியது. ஆங்கிலத்திலும் ஓடி முடிந்தது.

பிறகு ஸமீம் கேட்டார்.

"எத்தன மணிக்கு ஜனாஸா எடுக்கிற?"