தவணை தவறினால்

“பணம் கட்டலன்னா வீட்டுக்கு ஆள் வருவாங்களாம்மா?”

பெரியவர் இதையே மறுபடியும் கேட்டதும், செல்போன் கடைக் கவுண்டரில் நின்ற பெண் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். வாங்குவதற்கு முன்பே கட்டாமல் விடுவதைப் பற்றி விசாரிக்கிற மனுஷனை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

வேறு நாளாக இருந்தால் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பியிருப்பாள். இன்று பார்த்து மாதக் கடைசி. தவணையில் இன்னும் ஒரு போனாவது தள்ளிவிடாவிட்டால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதைச் செய்கிற ஆள். பக்கத்துக் கவுண்டர் அப்படித்தான் காலியாகக் கிடக்கிறது.

“முதல்ல பழைய போனக் குடுங்கய்யா. அதுக்கு ஒரு விலை போட்டுக் கழிச்சுக்கலாம். அதுல என்ன ரிப்பேர்?”

“மணி அடிக்க மாட்டேங்குதும்மா.”

அவர் எண்ணைக் கேட்டு, கடைப் போனிலிருந்து அடித்துப் பார்த்தாள். கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கணீரென்று அடித்தது. பெரியவர் பாய்ந்து எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

“ஹலோ! சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?”

“ஐயோ, நான்தான்யா! இங்க, எதிர்லயே நிக்கறேன். கட் பண்ணுங்க.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போன் ஜம்முனு இருக்கே! ஒரு கோளாறும் இல்ல.”

“கோளாறே இல்லையா?” அவர் முகம் தொங்கிப்போயிற்று. போனைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்தார். “சரி, இது இருந்துட்டுப் போகட்டும். புதுசுக்குப் பணம் கட்டற விவரத்தச் சொல்லு.”

அவள் தினசரிப் பாட்டை ஆரம்பித்தாள். “மொத்தமாக் கட்டினா தள்ளுபடி உண்டு. கார்டு இருந்தா அதுலயும் போடலாம். ஆனா தவணைதான்யா சவுகரியம், இப்ப கொஞ்சம் குடுத்தாப் போதும், மிச்சத்த மாசாமாசம் கட்டலாம். வட்டி மட்டும் கொஞ்சம் சேரும்.” வட்டி என்ற இடத்தில் அவள் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

“தவணையே போடு.”

அப்பாடா என்று பேனாவை எடுத்தாள். “பேங்க் கணக்கு சொல்லுங்க. தேதி வந்தா தானா எடுத்துக்குவாங்க. நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்.”

“அதெல்லாம் வேணாம்மா. அப்படி எடுத்தா ஆள் வர மாட்டாங்கல்ல?”

அதற்குள் மேனேஜர் கையைக் காட்டி அவளை ஓரமாகக் கூப்பிட்டுவிட்டார்.

“கண்ணு முன்னாடியே தெரியுதே, உனக்குப் புரியலையா? நல்ல போன வச்சுக்கிட்டுப் புதுசு கேக்கறார். பேங்க் கணக்கு தர மாட்டேங்கறார். கட்டலன்னா ஆள் வருவாங்களான்னு வேற கேக்கறார். இது கம்பி நீட்டற கேஸு.”

“சார், இதுவும் இல்லன்னா எனக்கு வேலையே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அப்ப எழுது. நம்ம கடை வழக்கம் தெரியும்ல? தவணை தவறினா வித்தவங்கதான் அந்த வீட்டுல போய் உக்காரணும். வசூலாகற வரைக்கும் சம்பளம் கிடையாது.”

எழுதினாலும் போச்சு, எழுதாவிட்டாலும் போச்சு. வாடகைப் பாக்கிக்காகத் தன் வாசலில் வந்து உட்காருகிற வீட்டுக்காரம்மாவை நினைத்துக்கொண்டாள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிட்டு உள்ளே பதுங்கிக்கொள்வாள். இனி அதே வேலையை இந்தக் கிழவர் வீட்டில் போய் அவள் செய்ய வேண்டும். என்ன பிழைப்புடா இது!

ஆற்றாமையோடு கவுண்டருக்குத் திரும்பினாள்.

“ஐயா, ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லிடறேன். நீங்க கட்டலன்னா நான்தான் உங்க வீட்டுக்கு வரணும். பணம் கைக்கு வர்ற வரைக்கும் அங்கயே உக்காந்திருக்கணும். எனக்குச் சம்பளமும் வராது. என் வயித்துல அடிச்சிடாதீங்க. கட்டுவீங்களா, மாட்டீங்களா?”

“ஓ! நீயே வருவியா?” என்றார் பெரியவர், முகமெல்லாம் மலர்ந்து.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் பொழப்பு உங்களுக்குக் கிண்டலாப் போச்சா?” என்று கேட்கும்போதே கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

பெரியவர் பதறிப்போனார். “ஐயையோ, அழாதம்மா! பணம் இருக்கும்மா, இதோ பாரு, இருக்கு” என்று துணிப்பையைக் கவுண்டரில் கவிழ்த்தார். கட்டுக் கட்டாக நோட்டு. அவர் கேட்ட போனைப் போல இரண்டு வாங்கலாம்.

அவள் வாயைப் பிளந்தாள். தன் வேலை, மேனேஜர், மாதக் கடைசி எல்லாம் மறந்துபோய் உள்ளதை அப்படியே கேட்டுவிட்டாள். “இவ்வளவு பணத்த வச்சுக்கிட்டு எதுக்குய்யா தவணை? வட்டி தண்டம்! மொத்தமாக் கட்டிட்டு நிம்மதியாப் போக வேண்டியதுதானே?”

பெரியவர் நோட்டுக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் அடுக்கத் தொடங்கினார். தலை நிமிரவில்லை.

“முழுசாக் கட்டிட்டா, அப்புறம் யாரும்மா என் வீட்டுக்கு வருவாங்க?”