பாலம் ஏறும் பேண்ட்

"இந்தப் பேண்ட்டைத் தைச்சவன் எங்கே இருக்கான்? சொல்லு தம்பி, அவன் கையில ஒரு முத்தம் கொடுத்துட்டு வரேன்!"

கதவைத் திறந்து பூட்ஸ் பனியை உதறியபடி உர்போ போட்ட சத்தத்தில், சைக்கிள் கடைக்குள் நின்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுபத்து நாலு வயது. தாடியில் பனிக்கட்டி தொங்கியது. பின்னாலேயே மனைவி ஹெல்லேவி, 'இந்த மனுஷனோட இன்னும் எத்தனை காலம்' என்கிற முகத்தோடு வந்தாள்.

கடைக்காரன் இல்போ ஒரு டப்பாவை எடுத்து அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தான்.

"ஒன்பது கிலோமீட்டர் தம்பி, முழுக்க எதிர்காத்து! முன்னெல்லாம் ஆத்துப் பாலத்து ஏத்தத்துல இறங்கித் தள்ளுவேன். இப்போ உட்கார்ந்தபடியே விசிலடிச்சிட்டு ஏறுறேன். எல்லாம் நீ கொடுத்த பேண்ட்! முந்தாநாள் பஸ்ஸையே முந்திட்டேன்."

"பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்துச்சு," என்றாள் ஹெல்லேவி.

"நின்னா என்ன? முந்தினேனா இல்லையா?"

இரண்டு கையிலும் இரண்டு பேண்ட்டை வைத்துக்கொண்டு விழித்த ஒரு டீச்சர் கேட்டாள். "ஐயா, இந்தத் தடிமனா இருக்கிறதுதானே நல்லது?"

"அதைக் கீழே வைம்மா முதல்ல. தடிமனாப் போட்டு மிதிச்சா வேர்க்கும். வேர்த்தா நனையும். நனைஞ்சது உறையும். உள்ளே மெல்லிசா கம்பளி, மேலே முன்பக்கம் மட்டும் காத்தைத் தடுக்கிற துணி. காத்து முன்னாலேர்ந்துதானே வருது? பின்னாடி ஆவி வெளியே போகட்டும். முட்டிக்கு ரெட்டைத் துணி. பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். போன வருஷம் பருத்தி பேண்ட்டோட வீட்டுக்குப் போய்க் கழட்டினேன். கழட்டின இடத்துலயே அது நின்னுச்சு. இவ அதுக்குக் காபி ஊத்திக் கொடுத்தா."

"சர்க்கரை வேணுமான்னும் கேட்டேன்," என்றாள் ஹெல்லேவி முகம் மாறாமல். "பதில் வரலை. சரி, இவர்தான்னு நினைச்சுட்டேன்."

டீச்சர் மெல்லியதை எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர் இரண்டு எடுத்தார். பணம் வாங்கும்போது இல்போவால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேண்ட் நல்ல பேண்ட்தான். ஆனால் பாலம் ஏறுவது பேண்ட் இல்லை.

பனிக்கு முந்திய மாதம், அந்தப் பாலத்தில் தள்ளக்கூட முடியாமல் பாதியில் நின்றுபோனார் உர்போ. சந்தையில் கூட்டாளிகளோடு காபி குடிக்கத் தினம் போகிறவர், வீட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், மூன்று வாரம் யாரோடும் பேசவில்லை. சாப்பாடும் குறைந்தது. பயந்துபோன ஹெல்லேவி, பனியில் வழுக்காத ஆணி டயர் மாற்றுகிற சாக்கில் சைக்கிளை இங்கே தள்ளிக்கொண்டு வந்தாள். மிதித்தால் தானாகவே சேர்ந்து தள்ளுகிற ஒரு மோட்டாரை இல்போ பின்சக்கரத்துக்குள் வைத்தான். பேட்டரியை கேரியர் பையின் அடியில், ஓர் அட்டைக்குக் கீழே ஒளித்தான். கனம் ஏன் என்று கேட்டால் ஆணி டயர். வேகம் ஏன் என்று கேட்டால் புதுப் பேண்ட்.

மோட்டார் வைத்த சைக்கிளைச் சக்கர நாற்காலி என்று ஊர் முழுக்கக் கேலி பேசியவர் உர்போ. "தெரிஞ்சா சைக்கிளை ஆத்துல தள்ளிட்டு மறுபடி அந்த ஜன்னலுக்கே போயிடுவார் தம்பி, மூச்சு விட்டுடாதே," என்று ஹெல்லேவி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் அவன் காதில் இருந்தது.

இரண்டு பேண்ட் வாங்கியவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "பெரியவரே, உங்க சைக்கிளா இது? பின்சக்கரம் நடுவுல பானை மாதிரி வீங்கியிருக்கே?"

இல்போ கையிலிருந்த டப்பா கீழே விழுந்தது. ஹெல்லேவிக்கு இருமல் வந்தது.

"வயசானா யாருக்குத்தான் தொப்பை விழலை?" என்றார் உர்போ. அந்த மனிதர் தன் தொப்பையை ஒருமுறை பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். டீச்சரும் சிரித்துக்கொண்டே கிளம்பினாள்.

"ஹெல்லேவி, எதிர்க் கடையில ஏலக்காய் பன் சூடா வந்திருக்கும். தம்பிக்கு நாலு வாங்கிட்டு வா. நன்றின்னு வாயால சொன்னா மட்டும் போதுமா?"

'தப்பித்தோம்' என்று இல்போவுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு அவள் வெளியே போனாள்.

உர்போ அலமாரி முழுக்கத் துழாவி, கடையிலேயே தடித்த கம்பளிக் கால் உறை ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார். "இது வேணும். ஜோடி வேண்டாம், ஒரு கால் போதும்."

"தடிமன் ஆகாதுன்னு இப்போதானே சொன்னீங்க?"

"மிதிக்கிறவனுக்குத்தான் ஆகாது. இது சும்மா உட்கார்ந்துட்டு வர்ற ஆளுக்கு."

"யாருக்கு?"

கடைக் கண்ணாடி வழியே ஹெல்லேவி தெருவைக் கடப்பதைப் பார்த்துவிட்டு, உர்போ குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு மைனஸ் இருபத்தேழு டிகிரியாம். குளிர் தாங்காம உன் பேட்டரி பாலத்துலயே படுத்துடுது. நீயே இதை அதுக்கு மாட்டிவிட்டு, உன் யோசனைன்னு அவகிட்ட சொல்லிடு. பாவம் தம்பி, எனக்காக எவ்வளவு பாடு படுறா! நான் வேர்க்க உட்கார சௌனா சூட்டறைக்குள்ள போன உடனே ஓடிப்போய்த் திருட்டுத்தனமா சார்ஜ் போடுறா; முழுசா ஏறட்டும்னுதான் நானும் தினம் அரை மணி கூடுதலா உள்ளே உட்கார்ந்து வெந்துட்டிருக்கேன்."